வெங்காயத்தோல் கிழியவில்லை

நாற்காலியில் குறை இல்லை மேடம், தரைதான் மேடுபள்ளம். இதை இப்படி அரையடி தள்ளிப் போட்டால் ஆடாது. பாருங்கள், சரியாகிவிட்டது. எல்லோரும் நாற்காலியைத்தான் திட்டுவார்கள், தரையை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

நான் சொல்ல வந்ததும் ஏறக்குறைய அதுதான். நேற்று நீங்கள் படித்துக் காட்டிய விசாரணை அறிக்கையில் ஓரிடத்தில் 'சவ்வு கிழிந்ததே விபத்துக்குக் காரணம்' என்று வந்தது. அதற்குப் பிறகு நீங்கள் படித்தது எதுவும் என் காதில் ஏறவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன், ஒரு வாய் இறங்கவில்லை. அக்காவை நினைத்துத்தான் நான் சாப்பிடாமல் இருக்கிறேன் என்று அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பாவம், அவளுக்குப் போய் இதையெல்லாம் எப்படி விளக்குவது. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலேயே காலையில் கிளம்பி வந்துவிட்டேன். சவ்வு கிழியவில்லை. அந்த ஒரு வரியை நீங்கள் எடுத்துவிட வேண்டும். எடுப்பதற்கு என்னென்ன வேண்டுமோ எல்லாவற்றையும் சொல்கிறேன், எதையும் மறைக்கப்போவதில்லை.

நீங்களும் இன்ஜினியரிங் படித்தவர்தான், இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும். தண்ணீரில் மின்சாரம் விட்டால் ஒரு பக்கம் ஹைட்ரஜன் வரும், மறுபக்கம் ஆக்சிஜன் வரும். இரண்டும் ஒன்றோடொன்று சேரக் கூடாது. நடுவில் ஒரு சவ்வு, மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மகன் மாதிரி. அது தடிமனாக இருந்தால் சண்டை வராது. ஆனால் மின்சாரம் அதைக் கடப்பதற்குள் திணறிப்போய், நல்ல பங்கு வெறும் சூடாக வீணாகும். மெல்லிசாக இருந்தால் சுலபமாகக் கடந்துவிடும். அதே வெயில், அதே சோலார் தகடு, ஆனால் ஹைட்ரஜன் கூடுதலாகக் கிடைக்கும். ஊர் ஊராகப் புகை இல்லாத எரிபொருள் பற்றிப் பேசுகிறார்களே, அந்தப் பேச்சு முழுவதும் கடைசியில் இந்தச் சவ்வின் தடிமனில் வந்துதான் நிற்கிறது. இதைச் சொல்லும்போதே என்னால் உட்கார முடியவில்லை, எழுந்து நடந்துகொண்டே பேசலாமா? நன்றி.

என் சவ்வு மற்றவர்களுடையதில் மூன்றில் ஒரு பங்கு தடிமன்தான். அப்படி மெல்லிசாகச் செய்வது பெரிய விஷயம் இல்லை, அதைக் கிழியாமல் வைத்திருப்பதுதான் விஷயம். அதை அழுத்திப் பிடிக்கிற எலெக்ட்ரோடு டைட்டானியக் கம்பியால் நெய்த வலை. அந்த வலையில் கண்ணுக்குத் தெரியாத முள் முள்ளாக இருக்கும். எத்தனை சவ்வை அது குத்திக் கிழித்திருக்கிறது தெரியுமா. நான் வலையின் முகத்தை வழவழவென்று தேய்த்து, அதன் மேல் பஞ்சு போல இன்னொரு மெல்லிய அடுக்கு வைத்தேன். தண்ணீரைப் பிரிக்க உதவுகிற இரிடியத்தை வலையில் பூசாமல் சவ்வின் மேலேயே பனி மாதிரித் தெளித்தேன். உலகத்தில் இரிடியம் எவ்வளவு குறைவு என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் போடுவதில் கால்வாசி கூட நான் போடவில்லை. முதல் சவ்வை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துக் காட்டினேன். அக்கா பார்த்துவிட்டு, "என்னடா இது, வெங்காயத்தோல் மாதிரி இருக்கு. உரிச்சா கண்ணுல தண்ணி வருமா?" என்றாள். அன்றிலிருந்து அதன் பெயர் வெங்காயத்தோல். மேனேஜர்கூட அப்படித்தான் சொல்வார்.

அக்கா எங்கள் கம்பெனியில் எனக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவள். இயந்திரத்தை ஓட்டும் ஆபரேட்டர். என்னைப் பற்றி மேனேஜரிடம் சொல்லி உள்ளே கொண்டுவந்ததும் அவள்தான். 'என் தம்பி கொஞ்சம் அரைக்கிறுக்கு, ஆனா மூளைக்காரன்' என்று சொல்லி வைத்திருந்தாளாம். சின்ன வயதில் நான் வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டபோது அப்பாவிடம் அடிவாங்கியதும் அவள்தான். அவள்தான் பிரித்தாள் என்று நான் சொல்லியிருந்தேன். அவள் மறுக்கவில்லை. அப்படிப்பட்ட அக்கா.

வெங்காயத்தோலில் ஒரே ஒரு சங்கடம். ஹைட்ரஜன் கொஞ்சம் ஊறி ஆக்சிஜன் பக்கம் வரும். ஓட்டை வழியாக இல்லை, துணியில் ஈரம் ஊறுவது மாதிரி. மெல்லிய சவ்வு எல்லாவற்றுக்கும் அதுதான் சுபாவம். நல்ல வெயில் இருந்தால் ஆக்சிஜன் நிறைய உற்பத்தியாகி ஊறி வந்ததை அடித்துக்கொண்டு போய்விடும். மேகம் மூடினால் ஆக்சிஜன் குறையும், ஊறல் மட்டும் குறையாது. அப்போது ஆக்சிஜனில் ஹைட்ரஜனின் பங்கு ஏறும். நூற்றுக்கு இரண்டு ஆனால் அலாரம் அடித்து இயந்திரம் தானாக நிற்கும். நான்கு ஆனால் பற்றிக்கொள்ளும் நிலை. இடையில் இருக்கிற அந்த இரண்டை வெறுமனே விட்டு வைத்திருப்பது கோழைத்தனம் என்று எனக்கு எப்போதுமே தோன்றும்.

இயந்திரத்தை வாங்க வந்தவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். ஒரு மாதம் முழுக்க, காலையிலிருந்து மாலை வரை, வெயிலை மட்டும் நம்பி ஓட வேண்டும். இடையில் தானாக நின்றுவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. இரண்டு முறை தொடங்கினோம், இரண்டு முறையும் மேகம் வந்து அலாரம் அடித்து நின்றுபோனது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து மரியாதையாகத்தான் பேசினார். "தம்பி, மேகம் வந்தா படுத்துக்கிற மெஷினை எவன் வாங்குவான்? இன்னொரு தடவை பார்ப்போம். இதுவும் நின்னா பழைய தடிமனுக்கே போயிடலாம்" என்றார். பழைய தடிமன் என்றால் என் சவ்வைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடுவது. அவர் வேறு எதுவும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

இங்கேதான் நீங்கள் கேட்ட நீலமணி விஷயம் வருகிறது.

ஆக்சிஜனில் ஹைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற சென்சாருக்கு ஈரம் ஆகாது. ஈரம் பட்டால் இல்லாத ஹைட்ரஜனை இருக்கிறது என்று சொல்லும். அதனால் வாயு சென்சாருக்குப் போகும் வழியில் ஒரு கண்ணாடிக் குழாய், அதில் ஈரம் உறிஞ்சும் மணிகள். காய்ந்திருந்தால் நீலம், ஈரம் குடித்துவிட்டால் ரோஜா நிறம். எங்கள் இடத்தில் எல்லோருக்கும் கைவந்த பழக்கம் அது. அலாரம் அடித்தால் முதலில் குழாயைப் பார்ப்பார்கள், ரோஜாவாக இருந்தால் மணிகளை மாற்றுவார்கள், அலாரம் அடங்கும். மழைக்காலத்தில் இது அடிக்கடி நடக்கும். யாரும் அதை ஒரு விஷயமாக நினைப்பதில்லை.

மூன்றாவது ஓட்டம் தொடங்கிய வாரம் நல்ல வெயில். மண்டையைப் பிளக்கிற வெயில். ஆக்சிஜனில் ஹைட்ரஜனின் பங்கு ஏறவே இல்லை. அந்த நாட்களில்தான் நான் ஈர மணிகளைக் குழாயில் போட ஆரம்பித்தேன். கழிவு டப்பாவில் இருக்கிற ரோஜா மணிகளைத் தண்ணீரில் நனைத்து, காலையில் எல்லோரும் வருவதற்கு முன் மாற்றிவைப்பேன். கொஞ்ச நேரத்தில் அலாரம் அலறும். வெளியே வெயில் கொளுத்துகிறது, வாய்ப்பே இல்லாத நேரத்தில் அலாரம் அடிக்கிறது. மணிகளை மாற்றினால் அடங்குகிறது. ஒரு வாரம் இப்படிப் போனது. யாருக்கும் நான் எதையும் சொல்லவில்லை. அந்த அலாரம் பொய் சொல்கிறது என்று அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அக்கா அதற்கு 'அழுமூஞ்சி' என்று பெயர் வைத்தாள்.

உடனே நிற்காமல் ஓட்டம் எப்படிக் காப்பாற்றப்பட்டது என்று கேட்பீர்கள். மணிகளை நனைக்கத் தொடங்குவதற்கு முன்பே மேனேஜரிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருந்தேன். மழைக்காலம் வரப்போகிறது, ஈரத்தால் வருகிற அலாரத்துக்கெல்லாம் ஓட்டம் கெடக் கூடாது, அலாரம் அடித்ததும் ஆபரேட்டர் ஒரு பொத்தானை அழுத்தினால் பத்து நிமிஷம் இயந்திரம் பொறுத்துக்கொள்ளட்டும், அதற்குள் குழாயைப் பார்த்துவிடலாம் என்று. தற்காலிகமாக வைத்துப் பார்க்கலாம் என்றார். முதல் வாரம் முடிந்ததும் அதையே நிரந்தரமாக்கிவிட்டார். பத்து நிமிஷம் முடிந்து அலாரம் திரும்ப அடித்தால் பொத்தானை மறுபடியும் அழுத்தலாம். எத்தனை முறை அழுத்தலாம் என்று அவர் கேட்கவில்லை. அதனால் நானும் சொல்லவில்லை.

ஒரே ஆள்தான் முகம் சுளித்தார். அவரைச் 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடுவோம். சமோசா வாங்கினால்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பார். அவரும் ஆபரேட்டர், அக்காவோடு மாறி மாறி வேலை பார்ப்பவர். ஒருநாள் என் தோளில் கை போட்டு, "இந்த வெயில்ல இவ்வளவு ஈரம் எங்கிருந்துடா வருது? மெஷின் வேர்க்குதா, நீ வேர்க்கிறியா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்தேன். மறுநாள் மேனேஜரிடம் போய், அவர் அலாரம் அடித்தால் பதறுகிறார், பொத்தானுக்குப் பதில் நிறுத்தும் விசையில் கை வைக்கிறார், ஓட்டம் போய்விடும் என்றேன். அது பொய் இல்லை. அவர் உண்மையிலேயே நிறுத்தும் ஆள். அவரைப் பம்ப் பிரிவுக்கு மாற்றிவிட்டு, மாதம் முழுக்க அக்காவையே உட்காரவைத்தார்கள். அக்காவைப் போடச் சொன்னதும் நான்தான். நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றேன். எல்லோரும் அதை, 'அக்கா நம்பிக்கையானவள்' என்று புரிந்துகொண்டார்கள். நான் சொன்னது, அவளுக்கு என்மேல் நம்பிக்கை என்று.

பிறகு மேகம் வர ஆரம்பித்தது. மேகம் வந்தால் அலாரம் நிஜமாகவே அடிக்கும். அந்த நாட்களிலும் காலையிலேயே குழாயில் ரோஜா மணிகள் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன், இல்லாவிட்டால் அக்காவுக்குச் சந்தேகம் வரும். அலாரம் அடிக்கும், பொத்தானை அழுத்துவாள், மணிகளை மாற்றுவாள், அதற்குள் மேகம் விலகி அலாரம் அடங்கிவிடும். தன் கை பட்டதால் அடங்கியது என்று நினைத்துக்கொள்வாள். எனக்குப் போன் பண்ணி, "அழுமூஞ்சி அழுதுச்சுடா, தாலாட்டு பாடித் தூங்க வெச்சிட்டேன்" என்பாள். எனக்கு அப்போதெல்லாம் அவள்மேல் அவ்வளவு பாசம் வரும். மாலை வீடு திரும்பும்போது என் பையையும் அவளே தூக்கிக்கொண்டு வருவாள். வெங்காயத்தோல் ஜெயித்துவிட்டால் எனக்குப் பெண் பார்க்கலாம், சவ்வைக் கட்டிக்கொண்டு அழுகிறவனுக்கு எவள் வருவாள் என்று வழியெல்லாம் கிண்டல். மாமாவும் வாசலில் நின்று, "என்ன மாப்ளே, உன் பொண்டாட்டி இன்னிக்கு எத்தனை தடவை அழுதா?" என்பார். அவர் அக்காவின் வீட்டுக்காரர், அப்போது வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார்.

அன்றைய நாளுக்கு வருகிறேன்.

மதியத்துக்கு மேல் வானம் மூடிக்கொண்டது. விலகுகிற மேகம் இல்லை, போர்வை மாதிரி. சோலார் தகடுகளில் பேருக்குத்தான் மின்சாரம் வந்தது. நான் அடுத்த அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன், இடையில் கனமான சுவர். அலாரம் கேட்டது, நின்றது. பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் கேட்டது. அப்புறம் அக்காவின் போன்.

"டேய், மணியை மாத்திட்டேன். நீலமாத்தான் இருக்கு. ஆனா அழுகை நிக்கலடா."

"குழாய்லயும் ஈரம் தங்கியிருக்கும் அக்கா. வெளியில பாரு, எப்படி மூடிட்டு இருக்கு. காத்தே ஈரமா இருக்கு."

"நிறுத்திடட்டுமா? எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"நிறுத்தினா எல்லாம் போச்சு. இன்னும் நாலு நாள்தான் இருக்கு. பெரிய ஆக்சிஜன் தொட்டிகிட்டப் போய், அடியில இருக்கிற வால்வைத் திறந்து தேங்கின தண்ணியை வடிச்சு விடு. சரியாயிடும்."

 "நீ சொன்னா சரிதான்" என்று போனை வைத்தாள்.

உடைசலில் கிடைத்த இரண்டாவது சென்சார் எதற்கு என்று நீங்கள் முதல் நாளே கேட்டீர்கள், ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அது என்னுடையது. ஆக்சிஜன் தொட்டியிலிருந்து தனிக் குழாய் போட்டு, நன்றாகக் காயவைத்த மணிகளோடு நானே வைத்தது. அதன் கணக்கு என் லேப்டாப்பில் மட்டும்தான் தெரியும். அக்கா போன் பண்ணியபோது அது மூன்றைத் தாண்டியிருந்தது. 'நீ சொன்னா சரிதான்' என்று அவள் சொல்லும்போது நான்கைத் தொட்டது. நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன். வெயில் வந்தால் இறங்கிவிடும் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். கொஞ்சம் அப்படியும் நினைத்தேன். ஆனால் நான்கு என்பது புத்தகத்தில் இருக்கிற எண். ஈரமான ஆக்சிஜனில், அந்த அழுத்தத்தில், எங்கள் தொட்டியில் உண்மையில் எந்த எண்ணில் பற்றும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் இருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் அவள் போய் நிற்க வேண்டியிருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வால்வு அங்கேதான் இருந்தது.

சத்தம் நான் எதிர்பார்த்ததைவிடச் சின்னது. சுவர் ஒருமுறை மூச்சு விட்டது மாதிரி இருந்தது. என் மேஜையில் இருந்த பேனா உருண்டு விழுந்தது. எங்கிருந்து பொறி வந்தது என்று உங்கள் ஆட்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள், தொட்டியின் நீர்மட்டம் காட்டுகிற மிதவையின் ஒயரைப் பாருங்கள். அதன் உறை பழையது. மாற்ற வேண்டும் என்று அக்கா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் முதல் ஆளாக உள்ளே போனேன் என்று மேனேஜர் சொல்லியிருப்பார். உண்மைதான். புகை இல்லை, நீராவிதான். தொட்டி ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது. அக்கா கதவுப் பக்கம் சாய்ந்து கிடந்தாள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். சின்ன வயதில் கூப்பிடுகிற பெயர். இயந்திரம் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது மேடம். அதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது. தொட்டிதான் உடைந்தது, சவ்வுகள் அடுக்கியிருந்த பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. சவ்வு கிழிந்திருந்தால் அந்தச் சவ்வு இருக்கிற செல்லின் வோல்டேஜ் விழுந்திருக்க வேண்டும். நான் நேராகத் திரைக்குப் போய் ஒவ்வொரு செல்லாகப் பார்த்தேன். ஒன்றுகூட விழவில்லை. கடைசிச் செல்வரை பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு விசையை அணைத்தேன். அப்புறம் அக்காவிடம் போனேன். அதற்குள் அவள் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள்.

உங்கள் ஆட்கள் 'கிழிசல்' என்று படம் எடுத்து வைத்திருப்பது எது தெரியுமா. அடுக்கைப் பிரிக்கும்போது ஒருவர் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினார், அந்த வெட்டு அது. ஓரம் நேராக இருக்கிறது, பாருங்கள். வாயு கிழித்தால் நார் நாராகப் பிய்ந்திருக்கும். நான் பக்கத்தில்தான் நின்றேன், மெதுவாகப் பிரியுங்கள் என்று சொன்னேன், தம்பி துக்கத்தில் உளறுகிறான் என்று தள்ளிவிட்டார்கள்.

ஆகவே இப்படி எழுதிக்கொள்ளுங்கள். ஈர மணிகளை வைத்தது நான். பொத்தானைக் கேட்டு வாங்கியது நான். நிறுத்தக் கூடியவரை நகர்த்திவிட்டு நிறுத்தாதவளை உட்காரவைத்தது நான். எண் தெரிந்தே அவளைத் தொட்டிக்கு அனுப்பியது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். மேனேஜர் ஆபரேட்டரின் தவறு என்று எழுதச் சொல்கிறாராம், அதையும் அடித்துவிடுங்கள். அவள் தவறு எதுவும் செய்யவில்லை, நான் சொன்னதைத்தான் செய்தாள். ஆனால் சவ்வு கிழிந்தது என்று மட்டும் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் இனி யாரும் அந்தத் தடிமனைத் தொடக்கூட மாட்டார்கள். அக்கா செத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

இன்னொன்று. அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது. ஊறலைத் தடுக்க முடியாது, சரி. ஊறி வருகிற ஹைட்ரஜனைச் சவ்வுக்கு உள்ளேயே பிடித்துவிட்டால் என்ன? சவ்வை இரண்டு மெல்லிய தாள்களாக வார்த்து, நடுவில் பிளாட்டினத் துகளைத் தூவி ஒட்டினால், வருகிற ஹைட்ரஜன் அங்கேயே ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிவிடும். தடிமன் கூடாது. மேகம் வந்தாலும் எண் ஏறாது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், பழைய தொட்டியே போதும், வெல்டு பண்ணிக்கொள்ளலாம். ஓட்டிப் பார்க்க ஆளும் தேட வேண்டியதில்லை. அக்காவின் வேலையை மாமாவுக்குத் தருவதாகக் கம்பெனி சொல்லியிருக்கிறது. அவருக்கு இயந்திரம் தெரியாது, ஆனால் சொன்னதைக் கேட்கிற மனிதர், என்னை ரொம்ப நம்புகிறார். என்னை உள்ளே வைத்தாலும் பரவாயில்லை, போனில் சொல்லிக்கொடுக்க அனுமதித்தால் போதும். இந்தத் தடவை நிற்காது என்றுதான் எனக்குப் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் மேடம், ஓடும்தானே?